பேப்பர் வந்த பிறகு வருகிறவர்கள்

அந்தப் பேராசிரியர் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தது ஒரு வண்ணப் பிரின்ட் அவுட். நல்ல ஜர்னல். முதல் பக்கத்தில் அவர் பெயர், கூடவே மாணவர்கள் மூன்று பேரின் பெயர்கள். கழிவுநீரிலிருந்து உலோகங்களைப் பிரித்தெடுக்கும் ஒரு சவ்வைப் பற்றிய ஆய்வு. "இதுக்கு பேட்டன்ட் எடுக்கணும் சார். ஒரு கம்பெனி ஆர்வமா கேக்குறாங்க" என்றார்.

பேட்டன்ட் விண்ணப்பம் எழுதிக்கொடுப்பது என் தொழில். இந்த மாதிரி சமயங்களில் நான் முதலில் தலைப்பைப் படிப்பதில்லை. முதல் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் தேதிகளைத்தான் தேடுவேன். கட்டுரை எப்போது வந்து சேர்ந்தது, எப்போது ஏற்கப்பட்டது, எப்போது இணையத்தில் ஏறியது. மூன்றாவது தேதிதான் எனக்கு வேண்டியது. விரல்விட்டு எண்ணினேன். பதினான்கு மாதம்.

"ரெண்டு மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா ஒரு சில நாட்டுலயாவது முயற்சி பண்ணியிருக்கலாம் சார். பேப்பர் வெளியாகுறதுக்கு முன்னாடி வந்திருந்தா எந்த நாட்டுலயும் பண்ணியிருக்கலாம்."

அவர் முகம் மாறியது. "என் பேப்பர்தானே? நான் எழுதினதே எனக்கு எதிராவா?"

எதிராகத்தான். காப்புரிமைக்கு முதல் நிபந்தனை புதுமை. விண்ணப்பம் போடும் நாளில் அந்த விஷயம் உலகத்துக்குத் தெரிந்திருக்கக் கூடாது. தெரியப்படுத்தியது யார் என்று பெரும்பாலான சட்டங்கள் கேட்பதில்லை. போட்டியாளர் எழுதினாலும் ஒன்றுதான், கண்டுபிடித்தவரே எழுதினாலும் ஒன்றுதான். காப்புரிமையே ஒரு கொடுக்கல் வாங்கல். உலகத்துக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள், பதிலுக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுக்குத் தனியுரிமை தருகிறேன் என்கிறது அரசு. நீங்கள்தான் ஏற்கெனவே சும்மாவே சொல்லிவிட்டீர்களே!

"ஆனா ஜர்னல்ல காப்புரிமைப் பாரம் ஒண்ணு அனுப்பினாங்க, கையெழுத்துப் போட்டேனே?" என்றார். இதைக் கேட்காத மாதமே எனக்கு இல்லை. நம் மொழியிலும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு பங்கு உண்டு. புத்தகத்திலும் 'காப்புரிமை' என்று போடுகிறோம், பேட்டன்ட்டையும் 'காப்புரிமை' என்கிறோம். ஜர்னல் வாங்கியது பதிப்புரிமை. அதாவது அந்தக் கட்டுரையின் வாசகத்தை அச்சிடும் உரிமை. வாசகத்துக்குள் இருக்கும் சவ்வுக்கும் அந்தக் கையெழுத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒரு சில நாடுகள் என்று ஏன் சொன்னேன் என்றால், சில நாடுகளில் சலுகைக் காலம் என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். ஜப்பானும் தென் கொரியாவும் 12 மாதம் தருகின்றன, ஆனால் அந்தச் சலுகையைக் கேட்டு எழுத்து மூலமாகத் தெரிவித்து ஆதாரமும் கொடுக்க வேண்டும். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் இந்தப் பேச்சே கிடையாது. வேறொருவர் உங்களுக்குக் கெடுதல் செய்யும் விதமாக வெளியிட்டது, அங்கீகரிக்கப்பட்ட சர்வதேசக் கண்காட்சி, இந்த இரண்டுக்கு மட்டும் ஆறு மாதம். இந்தியச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் 12 மாதம் என்று படித்துவிட்டு நிம்மதியாக வருகிறவர்கள் உண்டு. அது அரசு அறிவித்த கண்காட்சிக்கும், கற்றறிந்தோர் சங்கத்தில் வாசித்த அல்லது அதன் வெளியீட்டில் வந்த கட்டுரைக்கும்தான். சாதாரண ஜர்னல் கட்டுரையை அந்தக் கூரைக்குள் இழுத்துக்கொண்டு வருவது கஷ்டம்.

என்னைக் கேட்டால் சலுகைக் காலத்தை நம்பித் திட்டமிடாதீர்கள் என்பேன். வழுக்கி விழுந்தால் பிடித்துக்கொள்ளத்தான் கைப்பிடி.

வழுக்கி விழுந்து கைப்பிடியைப் பிடித்தவர்களில் பெரிய பெயர்களும் உண்டு. ஸ்டான்லி கோஹெனும் ஹெர்பர்ட் பாயரும் மரபணுவை வெட்டி ஒட்டும் முறையை 1973 நவம்பரில் கட்டுரையாக வெளியிட்டார்கள். காப்புரிமை பற்றி இருவரும் யோசிக்கவேயில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உரிமங்களைக் கவனித்துக்கொண்டிருந்த நீல்ஸ் ரைமர்ஸ், மறு ஆண்டு செய்தித்தாளில் வந்த செய்தியைப் பார்த்துத்தான் கோஹெனைத் தேடிப் போனார். விண்ணப்பம் போன நாள் 1974 நவம்பர் 4. அமெரிக்க அவகாசம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. அந்தக் காப்புரிமைக்கு உரிமம் பெற்ற நிறுவனங்கள் 468, வந்த வருமானம் சுமார் 25.5 கோடி டாலர். இதை வெற்றிக் கதையாகச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அத்தனையும் அமெரிக்கக் காப்புரிமையின் வருமானம். வெளிநாட்டு உரிமை மொத்தமும் கட்டுரை வெளியான அன்றே போய்விட்டது.

இதோடு மரபணுவைத் திருத்தும் முறையான கிரிஸ்பர் விஷயத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஜெனிஃபர் டௌட்னா, எம்மானுவேல் ஷார்பென்டியே தரப்பு 2012 மே 25 அன்று முதல் விண்ணப்பத்தைப் போட்டது. அவர்களுடைய கட்டுரை இணையத்தில் வந்தது ஜூன் 28. நடுவில் 34 நாள். அதனால் கட்டுரை தாமதமாகவில்லை, நோபல் பரிசும் நழுவவில்லை. பிறகு வேறொரு தரப்போடு பெரிய வழக்கு நடந்தது, அது தனிக் கதை. குறைந்தபட்சம் சொந்தக் கட்டுரையே குறுக்கே நிற்கவில்லை.

பேராசிரியர்கள் பயப்படுவது இந்தத் தாமதத்துக்குத்தான். காப்புரிமை கிடைக்கப் பல வருடம் ஆகுமே, அதுவரை எதையும் வெளியிடக் கூடாதா என்கிறார்கள். விண்ணப்ப எண் கையில் வந்தால் போதும். காலையில் விண்ணப்பம், மறுநாள் கட்டுரை, தாராளமாக.

இப்போது 'வெளியீடு' என்றால் என்ன என்பதற்கு வருவோம். என் அனுபவத்தில் ஜர்னல் கட்டுரையால் போனதைவிட அதற்கு முந்தைய சின்னச் சின்ன விஷயங்களால் போனதுதான் அதிகம். கருத்தரங்குக்கு அனுப்பிய சுருக்கம், சுவரில் மாட்டிய போஸ்டர், நூலகத்துக்குப் போன ஆய்வேடு. மதிப்பாய்வுக்குப் போகும் கட்டுரை பொதுவாக ரகசியமாகவே இருக்கும், அது பிரச்சினை இல்லை. ஆனால் அதைப் பதிவேற்றும்போதே 'முன்பதிப்பாக வெளியிடச் சம்மதமா', அதாவது மதிப்பாய்வு முடியும் முன்பே இணையத்தில் போடலாமா என்று சில ஜர்னல்கள் ஒரு கட்டம் வைக்கின்றன. மாணவர் அவசரத்தில் டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார். அது இணையத்தில் ஏறிவிட்டதே ஆசிரியருக்குத் தெரிந்திருக்காது.

அமெரிக்க நீதிமன்றங்கள் இதில் போயிருக்கும் தூரத்தைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பயமும் வரும். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக நூலகத்தில் பட்டியலிடப்பட்டிருந்த ஒரே ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு போதும், அது வெளியீடுதான் என்று 1986இல் ஒரு தீர்ப்பு. யாராவது அதை எடுத்துப் படித்தார்களா என்பது கேள்வியே இல்லை. தேடினால் கிடைத்திருக்குமா என்பதுதான் கேள்வி. மூன்று ஆண்டு கழித்து இதற்கு மறுபக்கமாக ஒரு தீர்ப்பு வந்தது. அமெரிக்காவின் ரீட் கல்லூரியில் மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு அட்டவணை அட்டைகள் இருந்தன. மாணவர் பெயர்வாரியாக அடுக்கி ஒரு செருப்புப் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார்கள். பெயர் தெரியாமல் பொருளை வைத்துத் தேட வழியில்லை, ஆகவே அது வெளியீடு ஆகாது என்றது நீதிமன்றம். செருப்புப் பெட்டி ஓர் உரிமையைக் காப்பாற்றிய கதை இது. இன்றைக்கு ஆய்வேட்டின் ஒவ்வொரு வரியையும் தேடுபொறி படித்துவிடுகிறது. அந்தப் பெட்டியை நம்பி இருக்க முடியாது.

போஸ்டருக்கும் ஒரு வழக்கு உண்டு. 14 ஸ்லைடுகளை அச்சடித்துப் பலகையில் ஒட்டி, ஒரு மாநாட்டில் இரண்டரை நாள் நிறுத்தி வைத்தார்கள். பிறகு இன்னோர் இடத்தில் ஒரு நாளுக்கும் குறைவாக. யாருக்கும் நகல் கொடுக்கவில்லை, நூலகத்துக்கும் போகவில்லை. விண்ணப்பம் போட்டபோது இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. அதுவும் வெளியீடே என்று 2004இல் தீர்ப்பானது. 'படம் எடுக்காதீர்கள்' என்றோ 'ரகசியம்' என்றோ அங்கே ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை என்பதையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 1881இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. சாமுவேல் பார்ன்ஸ் என்பவர் பெண்கள் இடுப்பில் அணியும் கச்சைக்கு உடையாத எஃகுப் பட்டை ஒன்றைச் செய்து, 1855இல் தன் தோழிக்குக் கொடுத்தார். பின்னாளில் அவரையே திருமணமும் செய்துகொண்டார். காப்புரிமை கேட்டது 1866இல். பட்டை இருந்ததோ துணிக்குள்ளே, வெளியே தெரியாது. ஆனாலும் எந்தக் கட்டுப்பாடும் சொல்லாமல் ஒருவருக்குப் பயன்படுத்தக் கொடுத்துவிட்டாய், அது பொதுப் பயன்பாடு என்று காப்புரிமை செல்லாமல் போனது. மாதிரிப் பொருளை ஒரு தொழிற்சாலைக்குச் 'சும்மா ஓட்டிப் பார்க்க' அனுப்புகிறேன் என்று சொல்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்காமல் வாசலைத் தாண்டவிடாதீர்கள்.

சரி, முன்கூட்டியே வந்துவிட்டால் எல்லாம் சுபமா? அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் விழுகிறவர்கள் ஓரளவு விவரம் தெரிந்தவர்கள்தான்.

பல நாடுகளில் தற்காலிக விண்ணப்பம் என்று ஒன்று போட்டு அன்றைய தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். 12 மாதத்துக்குள் கண்டுபிடிப்பை முழுதாக விளக்கும் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும். அந்த 12 மாதத்துக்குள் பாரிஸ் உடன்படிக்கைப்படி மற்ற நாடுகளிலும் அதே தேதியைக் கோரலாம். இதைத் தெரிந்துகொண்ட ஓர் ஆய்வுக்குழு, கருத்தரங்குச் சுருக்கத்தை அப்படியே தற்காலிக விண்ணப்பமாகத் தாங்களே போட்டுவிட்டது. ஒன்றரைப் பக்கம். ஒரு பாலிமரை வைத்துச் செய்த சோதனை மட்டும் அதில் இருந்தது. மூன்று மாதம் கழித்து வெளியான கட்டுரையில் நான்கு பாலிமர்கள், வெப்பநிலை அட்டவணை, எந்த விகிதத்தில் கலந்தால் நன்றாக வேலை செய்கிறது என்ற வரைபடம், எல்லாம் இருந்தன. பத்தாம் மாதம் முழு விவரக்குறிப்பு எழுத என்னிடம் வந்தார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பச்சைப் பேனாவால் கோடு போட்டேன். தற்காலிக விண்ணப்பத்தில் உள்ளதற்கு மட்டும்தான் அந்தப் பழைய தேதி. மற்ற மூன்று பாலிமருக்கும் அந்த விகிதத்துக்கும் இன்றைய தேதி. இன்றைய தேதிக்கு முன்னால் நிற்பது எது? அவர்களுடைய கட்டுரையே. சலுகைக் காலம் இல்லாத நாடுகளில் அந்த மூன்றும் போயிற்று. அவர்களிடம் ஆர்வமாக வந்த கம்பெனி கேட்டதோ மூன்றாவது பாலிமரைத்தான், அதுதான் விலை மலிவு.

அதனால்தான் கட்டுரையில் இருக்கும் ஒவ்வொரு படமும் அட்டவணையும் விண்ணப்பத்துக்குள் வந்துவிட்டதா என்று வரிவரியாக ஒப்பிடுகிறோம். ஒருபடி மேலே போய், செய்து பார்க்காவிட்டாலும் நியாயமாக வேலை செய்யும் என்று நினைக்கிற மாற்றுப் பொருள்களையும் கேட்டு எழுதுகிறோம். இதற்கு நேரம் வேண்டும். மறுநாள் கருத்தரங்கு என்று இரவு எட்டு மணிக்குப் போன் வந்தால் ஏதோ ஒன்றைப் போட்டுவிடலாம்தான். அவசரத்தில் தைத்த சட்டை எங்கே கிழியும் என்று அப்போது தெரியாது.

எல்லா ஆய்வுக்கும் காப்புரிமை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நான் திருப்பி அனுப்புவதும் நிறைய. விற்பனைக்கு வாய்ப்பே இல்லாத, வெறும் பட்டியலில் எண்ணிக்கை கூட்டுவதற்கான விண்ணப்பங்கள் வருடா வருடம் புதுப்பிக்கும் கட்டணத்தைத் தின்றுவிட்டுச் சாகின்றன. தாராளமாக வெளியிடுங்கள், யாருக்காவது பயன்படும். ஆனால் அது நீங்கள் யோசித்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.

இன்னொன்று. வெளிநாட்டில் முதலில் போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள். இந்தியா உட்படச் சில நாடுகளில், அங்கே வசிப்பவர் வெளிநாட்டில் முதல் விண்ணப்பம் போட முன் அனுமதி வேண்டும். இந்தியச் சட்டத்தில் அது 39ஆம் பிரிவு, மீறினால் தண்டனையே உண்டு.

அந்தப் பேராசிரியரை மறந்துவிட்டோம். சவ்வுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று ஆனதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிரின்ட் அவுட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். வைத்த கையோடு இன்னொரு காகிதக் கட்டை வெளியே எடுத்தார். பேனாவால் அடித்துத் திருத்திய தாள்கள்.

"சவ்வு அடைச்சுக்காம இருக்க ஒரு பூச்சு பண்ணியிருக்கோம். இது இன்னும் ஜர்னலுக்குப் போகல."

"வேற எங்கயாவது போயிருக்கா சார்?"

யோசித்தார். "சுருக்கம் மட்டும் ஒரு கருத்தரங்குக்கு..." என்று இழுத்துக்கொண்டே போனை எடுத்து அந்த இணையதளத்தைத் திறந்தார். சுருக்கங்களின் தொகுப்பு 14ஆம் தேதி வெளியாகும் என்று போட்டிருந்தது. அன்றைக்குத் தேதி 9.

மாணவர்களைப் போனில் கூப்பிடச் சொல்லிவிட்டு, நான் ஒரு புது நோட்டை எடுத்தேன்.