வெட்டுக்குத்துப் படம் பார்க்கிற பிள்ளையை என்னிடம் இழுத்து வராதீர்கள்

இந்த மாதமும் ஒரு தாய் வந்தார். உயர்தரம் படிக்கிற மகனைக் கூட்டி வந்திருந்தார். சாட்சிக்கு அவனுடைய போனும் வந்திருந்தது. "டொக்டர், இவன் சாமம் சாமமா மனிசரை வெட்டுற படம்தான் பாக்கிறான். நாளைக்கு எங்களையே வெட்டிப் போட்டானெண்டா என்ன செய்யிற? இவன்ட மூளைய ஒருக்கா சோதிச்சுப் பாருங்க." (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் மனநல கிளினிக்கில் இருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இனிக் கேட்கிறவர்களுக்கு இதை வாசிக்கக் கொடுத்துவிடப் போகிறேன்.

முகமூடி போட்ட ஒருவன், கையில் கத்தி, ஒவ்வொருவராகச் சாகிற இளசுகள். ரசிகர்கள் 'ஸ்லாஷர்' என்று சொல்வது இதைத்தான். 1960இல் வந்த 'சைக்கோ' இதற்கு முன்னோடி. 1978இல் வந்த 'ஹாலோவீன்' அதைப் பெரிய அலையாக்கியது. நம்மவர்களுக்கும் இது புதிதல்ல. அதே 1978இல் 'சிகப்பு ரோஜாக்கள்' வந்தது, 1980இல் 'மூடுபனி' வந்தது. மூடுபனியை எடுத்த பாலு மகேந்திரா நம்முடைய மட்டக்களப்பு அமிர்தகழிப் பிள்ளை. இந்தக் காலத்தில் பிறந்திருந்தால் அவரையும் என்னிடம் கொண்டு வந்திருப்பார்கள்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது ஒரு நம்பிக்கைதான்: படம் பார்க்கிறவனின் மனம் கத்தி வைத்திருப்பவன் பக்கம் நிற்கிறது என்பது. இல்லை, அம்மா. அது ஓடுகிறவள் பக்கம் நிற்கிறது. இந்தப் படங்களில் பெரும்பாலும் கடைசியில் ஒரு பெண்பிள்ளை மட்டும் தப்பி நின்று கொலைகாரனை எதிர்ப்பாள். அமெரிக்க ஆய்வாளர் கரோல் குளோவர் 1987இலேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். பார்க்கிற பொடியன்களும் அந்தப் பெண்ணோடு சேர்ந்துதான் மூச்சு வாங்குகிறார்கள், அவள் தப்பவேண்டும் என்றுதான் நேர்கிறார்கள். கொலைகாரனுக்கோ முகமே இல்லை, பாதிப் படங்களில் பேச்சும் இல்லை. அவனுக்குள் புகுந்து உட்கார ரசிகனுக்கு ஏது இடம்?

அந்தப் பொடியனிடம் "இதில உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டேன். அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "சேர், ஹாலோவீன்ல அந்த முகமூடி 'ஸ்டார் ட்ரெக்' எண்ட ரீவி நாடகத்துக் கப்டன்ட முகம். கடையில வாங்கி வெள்ளை பெயின்ற் அடிச்சிருக்காங்க, காசில்லாம. சைக்கோவில இரத்தமெண்டு ஓடுறது சொக்லேட் பாணி, கறுப்பு வெள்ளைப் படம்தானே. கத்தி இறங்கிற சத்தத்துக்கு முலாம்பழத்தக் குத்தியிருக்காங்க." அவன் சொன்னதெல்லாம் உண்மை. இன்னொன்றையும் சேர்க்கிறேன்: ஹாலோவீனில் இரத்தமே மிகக் குறைவு. வெட்டை விட வெட்டுக்கு முன்னால் வரும் காத்திருப்புத்தான் ரசிகனை இழுக்கிறது.

பயத்தில் உடம்பில் சுரக்கிற அட்ரினலின் கதையை விடுகிறேன், அதை யூடியூப்பில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பயத்தில் ஏறிய படபடப்பு உடனே இறங்குவதில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். ஆபத்து நீங்கியதும் அந்த மிச்சப் படபடப்பு நிம்மதியோடு சேர்ந்து அதைப் பல மடங்காக்கும். இராக் கூத்தில் மத்தளம் அதிர அரக்கன் களரிக்கு வரும்போது நம்முடைய பெரியவர்கள் அலறிவிட்டுச் சிரித்தார்களே, அதே சந்தோசம்தான். டென்மார்க்கில் ஆட்களைப் பேய் வீட்டுக்குள் அனுப்பி இதயத் துடிப்பை அளந்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. பயம் மிகக் குறைந்தாலும் ரசனை இல்லை, மிகக் கூடினாலும் இல்லை. நடுவில்தான் இன்பம். ஆகவே ரசிகனுக்கு வேண்டியது தன் பிடியில் இருக்கிற பயம். எப்போது வரும் என்று ஓரளவு தெரியும், நிறுத்தப் பொத்தான் கையில் இருக்கும், பக்கத்தில் கூட்டாளி இருப்பான்.

வன்முறைக்கு வேர் தேடுகிறீர்களா? வீட்டுக்குள் பாருங்கள். குடித்துவிட்டு வந்து பெல்ற்றால் அடிக்கிற தகப்பன் இருக்கிற வீட்டில் பிள்ளை அதை ஹொலிவூட்டில் போய்ப் படிக்க வேண்டியதில்லை.

சரி, அந்தத் தாயோடு இன்னொரு பிள்ளையும் வந்திருந்தான். ஏழு வயது, கண்ணைச் சுற்றிக் கருவளையம், கையில் புதுக் கறுப்பு நூல். அண்ணனும் தம்பியும் ஒரே நுளம்பு வலைக்குள் படுக்கிறவர்கள். அண்ணன் பார்க்கும்போது தம்பி நித்திரை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சத்தத்தையும் கேட்டிருக்கிறான், இடைக்கிடை எட்டியும் பார்த்திருக்கிறான். இப்போது இரவில் வளவுக்குள் இருக்கிற கக்கூசுக்குத் தனியே போகமாட்டான். விட்டுப் போயிருந்த பாய் நனைக்கிற பழக்கமும் திரும்பி வந்துவிட்டது. "அவன் ஒள்ளம் பயந்திட்டான், அதுக்கு நூல் கட்டியாச்சு" என்றார் தாய். நூல் கட்டுங்கள், தண்ணீர் ஓதிக் கொடுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அன்றிரவும் அதே வலைக்குள் அதே படம் ஓடினால் நூல் என்ன செய்யும்?

எனக்குக் காட்ட வேண்டிய பிள்ளை அவன்தான். அவன் கையில் நிறுத்தப் பொத்தான் இல்லை. ஏழெட்டு வயதுக்குக் கீழே "இது படம்தானே" என்று சொல்வது அனேகமாக எடுபடாது. மடியில் வைத்துக்கொள்ளுங்கள், விளக்கைப் போட்டு விடுங்கள், கக்கூசுக்குக் கூடவே போங்கள். தைரியம் வரட்டும் என்று இருட்டில் தள்ளிவிடுகிற தகப்பன்மாரே, தயவுசெய்து நிறுத்துங்கள்!

அடுத்தது அம்மம்மாமார், மூத்தம்மாமார். நம்முடைய ஊர்களில் 1990 படுகொலைகளைக் கண்ணால் கண்டவர்கள் பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறார்கள். 2004 சுனாமிக் கடலையும் 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பையும் கண்டவர்கள் இருக்கிறார்கள். சாமத்தில் ஒரு பெண் அலறுகிற சத்தம் அவர்களுக்குச் சினிமாச் சத்தமாகக் கேட்காது. வாயால் சொல்லமாட்டார்கள். விடிந்ததும் நெஞ்சு படபடக்குது என்று பிரஷர் பார்க்கப் போவார்கள்.

இன்னொரு வகைத் தகப்பனும் இருக்கிறார். மகன் பார்க்கிற பொய் இரத்தத்தைப் பற்றி என்னிடம் முறையிடுவார், விபத்தில் நசிந்த உண்மையான உடம்பின் வீடியோவைக் குடும்ப வாட்ஸப் குறூப்பில் போடுவார். ஐயா, அதில் முலாம்பழமும் இல்லை, பாணியும் இல்லை. செத்தவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முதலில் அதை அழியுங்கள்.

திகில் ரசிகத் தம்பி தங்கைமாரே, உங்களுக்கும் இருக்கிறது. ஹெட்செட் போடுங்கள். சின்னதுகள் படுக்கிற அறையில் வேண்டாம். பாதியில் எழும்பிப் போகிற கூட்டாளியை மறித்து வைத்து வீடியோ எடுத்து டிக்டொக்கில் போடாதீர்கள். பரீட்சைக் காலத்தில் சாமம் இரண்டு மணிக்குப் படம் பார்த்தால் படிப்பைக் கெடுப்பது கொலைகாரன் அல்ல, நித்திரை இல்லாததுதான். இதைத் தாய்மாரிடம் சொன்னால் சப்பென்று போய்விடுகிறது, அவர்களுக்குப் பெரிய நோய்ப் பெயர் வேண்டும்.

எப்போது கட்டாயம் வரவேண்டும்? பூனை, நாயை வதைத்து ரசிக்கிறான், தன்னைத்தானே கீறிக்கொள்கிறான், பள்ளிக்கூடம் போக மறுக்கிறான், ஆட்களோடு பேச்சை முறித்துக்கொண்டான் என்றால் உடனே வாருங்கள். படத்தைப் பற்றி அவனோடு சண்டை பிடித்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். சின்னப் பிள்ளையின் பயம் சில கிழமைகளில் தணியாவிட்டாலும் வாருங்கள். வர வெட்கமாக இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துப் பேசலாம். வரும்போது போனை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், எனக்கு அது தேவைப்படாது.