சூப்பர்சார்ஜர் வாங்குவதற்கு முன் கியரைக் கணக்குப் போடுங்கள்

"அண்ணே, சூப்பர்சார்ஜர் போட்டா எத்தனை ஹெச்பி கூடும்?"

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரைப் பற்றிய இந்தக் கேள்வியோடு மாதத்துக்கு இரண்டு பேராவது என் பட்டறைக்கு வருகிறார்கள். புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருபத்திரண்டு வருடமாக இன்ஜினும் கியர்பாக்ஸும்தான் என் பிழைப்பு. நான் உடனே பதில் சொல்வதில்லை. திருப்பி ஒன்று கேட்பேன்: "தம்பி, நாலாவது கியர்ல அறுபதுல போறப்போ உன் வண்டி எத்தனை ஆர்பிஎம்ல ஓடுது?" ஆர்பிஎம் என்றால் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. இதற்குச் சரியாகப் பதில் சொன்னவர்கள் மிகக் குறைவு. அவர்கள் மேல் தப்பில்லை. டயல் கண்ணெதிரேதான் இருக்கிறது, அதைப் பார்த்து ஓட்ட யாரும் சொல்லித் தரவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், போன கத்திரி வெயிலில் கயிறு கட்டி இழுத்து வரப்பட்ட ஒரு வண்டி. 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். வண்டிக்காரர் தவளக்குப்பத்துப் பையன். கடலூர் சிப்காட்டில் வேலை, தினமும் போய் வர இந்த வண்டிதான். யாரோ பயன்படுத்திய சூப்பர்சார்ஜர் கிட் ஒன்றை வாங்கி, வெளியூரில் ஓரிடத்தில் மாட்டியிருக்கிறார். 7 பிஎஸ்ஐ பூஸ்ட், அதாவது வெளிக்காற்றைவிட அவ்வளவு கூடுதல் அழுத்தம். மாட்டிக் கொடுத்தவர், "பிக்கப் இன்னும் வரும்" என்று சொல்லி பைனல் டிரைவையும் (கியர்களுக்குப் பிறகு, சக்கரத்துக்கு முன் இருக்கும் கடைசிப் பல்சக்கர விகிதம்) 4.2-லிருந்து 4.6-க்கு மாற்றி விட்டிருக்கிறார். நாலு வாரம்தான் ஓடியது. கிருமாம்பாக்கத்தில் ஒரு பேருந்தை முந்தும்போது டப்பென்று ஒரு சத்தம், பின்னால் நீலப் புகை. ஹெட்டைக் கழற்றினால் மூன்றாவது சிலிண்டர் பிஸ்டனில் ரிங் உட்காரும் வரப்பு இரண்டு இடத்தில் உடைந்து கிடந்தது.

சூப்பர்சார்ஜர் கெட்ட சாமான் என்று சொல்ல நான் வரவில்லை. இன்ஜினின் கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றும் காற்றடிப்பான் அது, அவ்வளவுதான். டர்போ புகையின் வேகத்தில் சுழல்கிறது, இது பெல்ட்டில் சுழல்கிறது. இதில் ரூட்ஸ் என்று ஒரு வகை. அந்தப் பெயருள்ள அமெரிக்கச் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை வாங்கிய காற்றடிப்பான் அது. கார் பிறப்பதற்கு முன்பே உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊதியது. மிதித்த உடனே, குறைந்த ஆர்பிஎம்மிலேயே காற்றைத் தள்ளும் என்பதுதான் அதன் அழகு. பையன் வண்டியில் இருந்ததும் அதுதான். அந்த அழகைப் புரிந்துகொள்ளாமல் கியரில் கை வைத்ததுதான் முதல் தப்பு.

பைக்கின் பின் ஸ்பிராக்கெட்டில் இரண்டு பல் கூட்டினால் என்ன ஆகும் என்று நம் பையன்கள் எல்லோருக்கும் தெரியும். இழுவை கூடும், அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் சுற்றும். காரின் பைனல் டிரைவும் அதே கதைதான். எண் பெரிதானால் இழுவை, சின்னதானால் ஓட்டம். 185/65 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.95 மீட்டர் உருளும். ஐந்தாவது கியரின் விகிதம் 0.76, பைனல் டிரைவ் 4.2 என்றால், 100 கி.மீ. வேகத்தில் இன்ஜின் சுமார் 2,700 ஆர்பிஎம். அதே வண்டிக்கு 4.6 போட்டால் கிட்டத்தட்ட 3,000. முதல் கியர் 3.5 என்றால் 6,000 ஆர்பிஎம்முக்கு 48 கி.மீ. வரை போன வண்டி, 4.6 போட்ட பிறகு 43-லேயே அடுத்த கியர் கேட்கும்.

இப்போது ரெட்டிச்சாவடி பக்கம் ஒரு பேருந்துக்குப் பின்னால் 60-ல் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கியர் 1.31, நாலாவது 0.97. கம்பெனி வண்டியில் முந்த வேண்டுமானால் மூன்றுக்கு இறங்குவோம். 113 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) தரும் இன்ஜின் என்றால், மூன்றாவது கியரில் சக்கரத்துக்குப் போவது சுமார் 620. சூப்பர்சார்ஜர், நல்ல இன்டர்கூலரோடு (அழுந்திச் சூடான காற்றைக் குளிர்விக்கும் சாமான்), பெல்ட் தின்னும் சக்தி போக டார்க்கை 35 சதவீதம் கூட்டுகிறது என்று வையுங்கள். நாலாவது கியரிலேயே, கீழே இறங்காமல், சக்கரத்துக்கு அதே 620 வந்துவிடும். உச்ச டார்க்கை வைத்துப் போட்ட கணக்குதான் இது, ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் கொஞ்சம் மாறும். ஆனால் விஷயம் இதுதான்: குறைந்த ஆர்பிஎம்மில் காற்றடிக்கும் சூப்பர்சார்ஜர் ஒரு கியர் கீழே இறங்கியதற்குச் சமம். அதை மாட்டிய கையோடு பைனல் டிரைவையும் 4.6 ஆக்குவது ஒரே வேலைக்கு இரண்டு ஆள் வைப்பது போல. சின்ன எண்ணுக்குத்தான் போயிருக்க வேண்டும். 3.9 போட்டிருந்தால் 100 கி.மீ. வேகத்தில் இன்ஜின் 2,530-ல் சாவகாசமாக ஓடியிருக்கும். முந்துவதற்கு இழுவையும் குறைந்திருக்காது.

முதல் கியரில் நிலைமை இன்னும் மோசம். முன் சக்கரங்கள் மேல் 550 கிலோ எடை, காய்ந்த தார்ச்சாலை என்றால், டயர் பிடித்து நிற்கக்கூடிய விசை சுமார் 4,300 நியூட்டன். கம்பெனி வண்டியே முதல் கியரில் முழு டார்க்கில் 4,800 வரை தள்ளும். அதனால்தான் சிக்னலில் மிதித்தால் டயர் கீச்சென்கிறது. இந்தப் பையன் வண்டியில் அது 7,100 ஆகிவிட்டது. சாலை ஏற்றுக்கொள்ளாத மிச்ச விசை டயரைத் தேய்த்துப் புகையாகும், கிளட்ச் பிளேட்டை எரிக்கும், பிடி கிடைக்கும் நொடியில் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்டில் மொத்தமாக அடிக்கும். முதல் மழை பெய்து சாலையில் எண்ணெய் மிதக்கும் நாளில் 4,300 என்பது பாதியாகும். அரியாங்குப்பம் பாலத்து வளைவில் அதை யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

விசிறி போல் சுழன்று காற்றை வீசும் சென்ட்ரிஃபியூகல் வகை சூப்பர்சார்ஜருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதில் பூஸ்ட் ஆர்பிஎம்மோடு ஏறிக்கொண்டே போகும், கீழே ஒன்றும் இருக்காது. அதற்கு நெருக்கமான கியர்கள் வேண்டும், இன்ஜினை மேலேயே வைத்திருக்க வேண்டும். நாள் பூராவும் 40-க்கும் 70-க்கும் நடுவில் ஓடும் நம் ஊர் வண்டிக்கு அதனால் என்ன பலன் என்பதை வாங்குகிறவர்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நான் சின்ன எண் என்று சொன்னதைக் கேட்டு அளவுக்கு மீறிப் போய்விடக் கூடாது. டாப் கியரில் 1,500 ஆர்பிஎம்மில் கிடக்கும்போது பூஸ்ட்டோடு முழுசாக மிதித்தால், பிஸ்டன் மெதுவாக நகரும். அழுத்தத்திலும் சூட்டிலும் மாட்டிய கலவைக்குத் தானாக வெடிக்க நேரம் கிடைத்துவிடும். அங்கேதான் நாக்கிங் அடிக்கும்.

பையன் வண்டியின் பிஸ்டனை உடைத்ததும் நாக்கிங்தான். கியர் தப்பு வண்டியை எந்நேரமும் அதிக ஆர்பிஎம்மில், அதிக பூஸ்ட்டில் வைத்திருந்தது. மிச்சத்தைச் சூடு பார்த்துக்கொண்டது. காற்றை அழுத்தினால் சூடாகும், சைக்கிளுக்குக் காற்றடித்தவர் எல்லோரும் பம்ப்பைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். கடலூரில் கத்திரியில் 40 டிகிரி காற்று 7 பிஎஸ்ஐக்கு அழுந்தி, 60 சதவீதத் திறனுள்ள ரூட்ஸிலிருந்து வெளியே வரும்போது 100 டிகிரியைத் தாண்டும். சூடான காற்றில் அடர்த்தி குறைவு. 7 பிஎஸ்ஐ என்றால் 48 சதவீதம் காற்று கூடும் என்று மனக்கணக்குப் போடுகிறோம். இன்டர்கூலர் இல்லாவிட்டால் உண்மையில் கூடுவது 24 சதவீதம்தான். அதிலும் பெல்ட்டுக்கு ஒரு பங்கு போகும். பையன் வண்டியில் இன்டர்கூலர் இருந்தது, ஆனால் மிகச் சின்னது. கடற்காற்றின் உப்பு அதன் அலுமினியச் செதில்களை ஏற்கெனவே அரித்து வெள்ளையாக்கியிருந்தது.

மினி கூப்பர் எஸ் காரில் கம்பெனியே சூப்பர்சார்ஜர் வைத்து விற்றபோது, இன்ஜினின் கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுந்துகிறது என்ற அளவு) 8.3-க்கு இறக்கித்தான் வைத்தார்கள். நம் 1.2 லிட்டர் வண்டிகள் 10-ஐத் தாண்டிய கம்ப்ரஷனில் பிறந்தவை. அதே பிஸ்டன், அதே ரிங், அதே கேஸ்கெட் மேல் பூஸ்ட் ஏற்றுகிறோம்.

இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியூவின் விஷயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. பூஸ்ட் இல்லாமல் வந்த வண்டியின் மேப் சென்சார், வெளிக்காற்றின் அழுத்தம் வரைக்கும், அதற்குக் கொஞ்சம் மேல் வரைக்கும்தான் அளக்கும். 7 பிஎஸ்ஐ உள்ளே போவதே அதற்குத் தெரியாது. தெரியாததால் பெட்ரோல் கூட்டாது, ஸ்பார்க்கைப் பின்னால் தள்ளாது. பூஸ்ட்டில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12 பங்குக்கு மேல் காற்று போகாமல் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய இன்ஜெக்டர், பம்ப், சென்சார், டைனோவில் (இன்ஜின் சக்தியை அளக்கும் மேடை) நின்று செய்த ரீமேப் (ஈசியூவின் கணக்கை மாற்றி எழுதுவது) எல்லாம் வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்குவதில் கொஞ்சம் உதவும். ஆனால் எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் இன்ஜெக்டர் இன்னும் அதிகமாக ஊற்ற வேண்டியிருக்கும். இவை எதுவும் பையன் வண்டியில் செய்யப்படவில்லை. பிளோயர், அதாவது அந்த சூப்பர்சார்ஜர், ஊளையிடும் சத்தத்தில் நாக்கிங் சத்தம் கேட்டிருக்கவும் வழியில்லை.

கிட்டோடு வரும் புல்லியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதுவும் ஒரு கியர்தான். கிராங்க் புல்லி 150 மில்லிமீட்டர், பிளோயர் புல்லி 75 என்றால், இன்ஜின் 6,000 சுற்றும்போது பிளோயர் 12,000 சுற்றும். பூஸ்ட் போதவில்லை என்று புல்லியை 65 ஆக்கினால் அது 13,800-ஐத் தாண்டும். பத்து மில்லிமீட்டர் கடைசல் வேலை சுலபம், செலவும் குறைவு. அதனால்தான் அந்த ஆசை எல்லோருக்கும் வருகிறது. பிளோயர் பேரிங்கும் பெல்ட்டும் எவ்வளவு வேகம் தாங்கும் என்பதைத் தயாரித்தவரின் தாளில் பார்க்காமல் புல்லியில் கை வைக்காதீர்கள்.

குளிர்ந்த காற்று வேண்டும் என்று பில்டரைப் பம்பருக்குக் கீழே இறக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் இங்கே கரை கடந்தபோது ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதற்கடுத்த வாரம் என் பட்டறைக்கு வந்த வண்டிகளில் இரண்டில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. இரண்டிலும் பில்டர் முழங்காலுக்குக் கீழே. பில்டர் வழியாக சிலிண்டருக்குள் போன தண்ணீர் அழுந்தாது, ராடுதான் வளையும்.

பிரேக்கைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 80-ல் போன வண்டி 100-ல் போனால் நிறுத்த வேண்டிய சக்தி 56 சதவீதம் கூடுகிறது. டிஸ்க், பேடு, டயர் அதே பழையதுதானே?

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டி பிஒய் வண்டி டிஎன் பக்கம் போனாலும் சட்டம் ஒன்றுதான். இதைவிட எனக்குப் பயம் இன்சூரன்ஸ் பற்றி. சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு வெளியே வந்தால், இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். அடிபட்டவர் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

அதனால் சாலையில் ஓடும் வண்டிக்கு நான் சூப்பர்சார்ஜர் மாட்டித் தருவதில்லை. ஆசை தீரவில்லை என்றால் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே மட்டும் ஓட்டுவதற்கென்று ஒரு வண்டி வைத்துக்கொள்ளுங்கள், டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள். கியர் கணக்கையும் சேர்த்துப் போட்டுத் தருகிறேன். தினசரி வண்டியே வேகமாக இருக்க வேண்டும் என்றால், கம்பெனியே டர்போ வைத்து விற்கும் ஒரு லிட்டர் பெட்ரோல் வண்டி வாங்குங்கள். பிஸ்டன், கூலிங், கியர் எல்லாம் அந்த பூஸ்ட்டுக்கென்றே செய்தவை.

பையனிடம் முதல் நாளே சொன்னேன்: இன்ஜினைக் கட்டி முடிக்க மூன்று வாரம் ஆகும், அதுவரை உங்கள் அப்பா வண்டியில் போங்கள், மடியில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். வண்டியை நிறுத்திய பிறகு, அன்றைக்கு 4,000 ஆர்பிஎம் எத்தனை தடவை தாண்டியது என்று மட்டும் எழுதுங்கள். தவளக்குப்பத்திலிருந்து சிப்காட், திரும்பி வீடு. முதல் வாரத்தில் மொத்தம் ஒன்பது தடவை. மூன்று நாள் ஒரு தடவைகூட இல்லை. மிச்ச நேரமெல்லாம் கன்னியக்கோயில் நெரிசல், மஞ்சக்குப்பம் சிக்னல், வேகத்தடை.

கிட்டை இறக்கி, பழைய 4.2-ஐயே திரும்பப் போட்டு, புது பிஸ்டனோடு வண்டியைக் கொடுத்தேன். கிட்டுக்குக் கொடுத்ததைவிட இன்ஜினுக்கு அதிகம் ஆனது. போன வாரம் ஆயில் மாற்ற வந்திருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"அண்ணே, அறுபதுல நாலாவது கியர்ல இரண்டாயிரத்து நூறு. பஸ்ஸைத் தாண்டணும்னா மூணுக்கு இறக்குறேன், இரண்டாயிரத்து எண்ணூறு. நல்லாவே இழுக்குது."