டஸ்கீகியோடு நிறுத்திவிடாதீர்கள்: ரெசிடன்சிக்கு வருகிறவர்களுக்குச் சில புத்தகங்கள்

ஒவ்வொரு வருடமும் மார்ச்சில், அமெரிக்க மருத்துவமனைகளில் ரெசிடன்சி என்ற மேற்படிப்புப் பயிற்சிக்கு இடம் ஒதுக்கும் மேட்ச் முடிவுகள் வந்ததும் எனக்கு மெசேஜ்கள் வர ஆரம்பிக்கும். "அண்ணா, பிராங்க்ஸ்ல கிடைச்சிருக்கு", "சார், டெட்ராய்ட் வர்றேன், என்ன படிச்சுட்டு வரட்டும்?" கேட்பது மெடிசின் புத்தகங்களைத்தான். அதெல்லாம் ஏற்கெனவே கரைத்துக் குடித்திருப்பார்கள், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் அனுப்புவது வேறு பட்டியல். நம் ஊரிலிருந்து வருகிறவர்களில் பலருக்கு இடம் கிடைப்பது பெரிய நகரங்களின் ஏழைப் பகுதி மருத்துவமனைகளில். அங்கே வார்டில் படுத்திருப்பவர்களில் நிறையப் பேர் கறுப்பினத்தவர்கள், லத்தீனோக்கள் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்). அவர்களைப் பற்றி நமக்கு முன்கூட்டியே தெரிந்ததெல்லாம் ஹாலிவுட் படங்களும், முதல் வாரமே ஒரு சீனியர் காதில் ஓதும் "இவங்க சொன்ன பேச்சு கேக்க மாட்டாங்க, மாத்திரை போட மாட்டாங்க" என்பதும்தான். நான் டெக்சஸில் ஒரு சமூகக் கிளினிக்கில் பொது மருத்துவராக இருக்கிறேன், என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு சமூகத்தினர். அந்த ஓதலை மாற்றியது எனக்குப் புத்தகங்கள்தான், எந்த டிரெய்னிங் வீடியோவும் இல்லை.

இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் முதலில் சொல்வது டஸ்கீகி. அலபாமாவின் மேக்கன் கவுன்டியில் 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களை "கெட்ட ரத்தத்துக்கு வைத்தியம் பார்க்கிறோம்" என்று ஏமாற்றி, நோய் தானாக எங்கே போய் முடிகிறது என்று வேடிக்கை பார்த்தது. நடுவில் அந்த நோயைக் குணப்படுத்தும் பென்சிலின் வந்தது, அதையும் கொடுக்கவில்லை. பீட்டர் பக்ஸ்டன் என்ற ஊழியர் விஷயத்தைப் பத்திரிகைக்குக் கொண்டுபோனதால்தான் அது நின்றது. 1997இல் அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். இதற்கும் முந்தைய கதைகள் வேண்டுமென்றால் ஹேரியட் வாஷிங்டன் எழுதிய 'மெடிக்கல் அப்பார்ட்ஹைட்' படிக்கலாம், கனமான புத்தகம், மெதுவாகத்தான் போகும். ஓஜி (மகப்பேறு, பெண்கள் நலம்) போஸ்டிங்கில் பரிசோதனைக்கு நாம் எல்லோரும் கையில் பிடித்த சிம்ஸ் ஸ்பெகுலம் கருவி ஞாபகம் இருக்கிறதா? அந்த மேரியன் சிம்ஸ் 1840களில் மாண்ட்கமரியில் அடிமைப் பெண்களின் மேல், மயக்க மருந்து இல்லாமல், ஃபிஸ்துலா (பிரசவத்தில் ஏற்படும் துளை) அறுவை சிகிச்சையைச் செய்து செய்து பழகியவர். அனார்க்கா என்ற பெண்ணுக்கு மட்டும் சுமார் 30 முறை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த அவர் சிலையை 2018இல் எடுத்தார்கள். எனக்குப் பாடம் எடுத்த யாரும் இதைச் சொன்னதில்லை.

சரி, இதெல்லாம் தெரிய வேண்டியதுதான். ஆனால் இங்கேதான் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. என் நோயாளிகள் டஸ்கீகியைப் பற்றிப் பேசுவது அபூர்வம். அவர்கள் பேசுவது போன மாதம் எமர்ஜென்சியில் ஏழு மணி நேரம் உட்காரவைக்கப்பட்ட அக்காவைப் பற்றி, சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோயின் வலியில் துடித்த மகனைப் போதை மருந்துக்கு அலைகிறவன் மாதிரி நடத்தியதைப் பற்றி, பிரசவத்துக்குப் பிறகு தலைவலி என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் யாரும் பிரஷர் பார்க்காததைப் பற்றி. நம்பாததற்குக் காரணம் 1932 என்று சொல்லிவிட்டால் மருத்துவர்களாகிய நமக்கு வசதி, யாரோ எப்போதோ செய்தது என்று கையைக் கழுவிவிடலாம். அதனால் நான் இன்றைய விஷயத்தைப் பேசும் புத்தகங்களை முன்னால் வைக்கிறேன்.

முதலில் லிண்டா வில்லரோசாவின் 'அண்டர் த ஸ்கின்' (2022). இவர் கறுப்பினப் பெண்களுக்கான எசென்ஸ் இதழில் உடல்நலப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர். 1990களில் அந்தப் பெண்களுக்காக ஒரு பெரிய உடல்நல வழிகாட்டியே தொகுத்தவர், அதாவது சரியான தகவல் கையில் இருந்தால், நன்றாகச் சாப்பிட்டு உடற்பயிற்சி செய்தால் போதும் என்று நம்பியவர். அப்படிப்பட்டவருக்கே, படிப்பு, வேலை, இன்சூரன்ஸ் எல்லாம் இருந்தும், முதல் குழந்தை எடை குறைவாகப் பிறந்தது. பல வருடங்கள் கழித்துத் தன் பழைய நம்பிக்கையைத் தானே பிரித்துப் போட்டுப் பார்க்கிறார். உடல்நலப் புத்தகம் எழுதியவரே "இது போதாது" என்று சொல்லும்போது கேட்கத்தான் வேண்டும். எண்ணிக்கை வேண்டுவோருக்கு: 2021இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவங்களுக்குக் கறுப்பினத் தாய்மார்களின் இறப்பு 69.9, வெள்ளையினத் தாய்மார்களுக்கு 26.6. படித்த, வசதியான கறுப்பினப் பெண்களையும் இந்த இடைவெளி விடுவதில்லை.

ஏன் விடுவதில்லை என்பதற்கு ஆர்லின் ஜெரோனிமஸின் 'வெதரிங்' (2023). மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருப்பவர், 1990களின் தொடக்கத்திலேயே இந்தக் கருத்தை முன்வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர். ஒதுக்கலைத் தினமும் சமாளித்துக்கொண்டே வாழும் உடம்பு வயதுக்கு முன்னால் தேய்ந்துபோகிறது என்பது அவர் வாதம். லத்தீனோக்கள் விஷயத்தில் அவர் குழு செய்த ஓர் ஆய்வை என் ஜூனியர்கள் எல்லோரிடமும் சொல்வேன். 2008 மே மாதம் அயோவாவின் போஸ்ட்வில் என்ற சின்ன ஊரில் இறைச்சித் தொழிற்சாலையில் குடியேற்ற அதிகாரிகள் ரெய்டு நடத்தி 389 பேரைக் கைது செய்தார்கள். அதன்பின் 37 வாரங்களில் அந்த மாநிலம் முழுக்க லத்தீனாத் தாய்மார்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் அபாயம் முந்தைய வருடத்தைவிட 24 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவிலேயே பிறந்தவர்களுக்கும், யாரும் தொடவே முடியாத குடியுரிமை உள்ளவர்களுக்கும்கூட. வெள்ளையினத் தாய்மார்களிடம் அப்படி எந்த ஏற்றமும் இல்லை. பயம் பிரசவ வார்டு வரைக்கும் வருகிறது. அடுத்த முறை ஊரில் ரெய்டு செய்தி வரும் வாரத்தில் அப்பாயின்ட்மென்ட்டுக்கு யாரும் வரவில்லையென்றால் "நோ ஷோ" என்று கிளிக் செய்வதற்கு முன் ஒரு போன் போட்டுப் பாருங்கள்.

லத்தீனோ என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சேத் ஹோம்ஸ் மருத்துவர், மானுடவியலாளரும்கூட. மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்திலிருந்து வரும் திரிக்கி பழங்குடித் தொழிலாளர்களோடு எல்லையைக் கடந்து, பிடிபட்டு, வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் அவர்களோடு ஸ்ட்ராபெரி பறித்து எழுதியது 'ஃப்ரெஷ் ஃப்ரூட், புரோக்கன் பாடீஸ்' (2013). அதில் முட்டி வலியோடு வரும் ஒரு தொழிலாளியிடம் மருத்துவர் ஒருவர், உனக்குச் சரியாகக் குனியத் தெரியவில்லை, அதனால்தான் வலி என்கிறார். நாள் முழுக்கக் குனிந்தபடி, எடைக்கணக்கில் கூலிக்குப் பறிக்கிறவரிடம்! நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். அப்புறம், திரிக்கி மக்களின் தாய்மொழி ஸ்பானிஷ் இல்லை. கிளினிக்கில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம், நோயாளி தலையாட்டிக்கொண்டே இருப்பார், பாதி புரிந்திருக்காது. இந்தி தெரியாத கிராமத்துத் தமிழரிடம் டெல்லி டாக்டர் இந்தியில் விளக்குகிற கதைதான். "வீட்டில் எந்த மொழி பேசுவீர்கள்?" என்று இப்போது நான் முதலிலேயே கேட்டுவிடுகிறேன்.

டெக்சஸ் பக்கம் வருகிறவர்கள் டெய்ஸி ஹெர்னாண்டஸின் 'த கிஸ்ஸிங் பக்' (2021) கட்டாயம் படிக்க வேண்டும். அவருடைய அத்தை கொலம்பியாவிலிருந்து வந்தவர், கிஸ்ஸிங் பக் என்ற பூச்சி பரப்பும் சாகஸ் நோயால் இறந்தவர், அந்தக் குடும்பக் கதையிலிருந்து ஆரம்பித்து நோயின் பின்னாலேயே போகிறார். பரீட்சைக்காக ஒரு வரி படித்து மறந்த டிரிப்பனோசோமா க்ரூஸி, அதாவது அந்த நோயின் ஒட்டுண்ணி, இங்கே நிஜமாக இருக்கிறது: அமெரிக்காவில் சுமார் 3 லட்சம் பேரிடம் என்று மதிப்பிடுகிறார்கள், பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். பல வருடம் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு இதயத்தைப் பெரிதாக்கும். காரணம் தெரியாத ஹார்ட் ஃபெயிலியரோடு ஒருவர் வந்தால், எந்த ஊரில் வளர்ந்தீர்கள், வீடு அந்தப் பூச்சி ஒளியும் மண்சுவரா, ஓலைக் கூரையா என்று கேட்க ஒரு நிமிடம் போதும்.

இனி சொல்வது நம்மையும் தொடும். லண்டி பிரவுனின் 'பிரீதிங் ரேஸ் இன்டு த ஸ்பைரோமீட்டர்' (2014) நுரையீரல் கொள்ளளவை அளக்கும் கருவியின் வரலாறு. கறுப்பினத்தவருக்கு நுரையீரல் இயல்பிலேயே சின்னது என்ற அடிமைக்காலக் கருத்து, கருவிக்குள் ஒரு திருத்தக் கணக்காகப் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் விளைவு, கல்நார் தூசியில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளி நஷ்டஈடு கேட்க வெள்ளையரைவிட அதிகமாக நோய்ப்பட்டிருக்க வேண்டியிருந்தது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும் இஜிஎஃப்ஆர் கணக்கிலும் இதே மாதிரி ஒரு பெருக்கல் இருந்தது, 2021இல்தான் புதிய கணக்கு வந்தது. ஸ்பைரோமெட்ரிக்கு 2023இல் அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி இனம் பார்க்காத கணக்கைப் பரிந்துரைத்தது. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இன்னும் கண்முன்னால் இருக்கிறது: 2020 டிசம்பரில் வந்த மிச்சிகன் ஆய்வில், கருவி நார்மல் காட்டியும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவாக இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. கோவிட் காலத்தில் நம் ஊரில் வீட்டுக்கு வீடு அதை விரலில் மாட்டிக்கொண்டு 94, 95 என்று பார்த்தோமே, நம் தோல் என்ன நிறம்? மூச்சு வாங்குகிறவரின் முகத்தைப் பாருங்கள், எண்ணை மட்டும் நம்பாதீர்கள். தோல் நோய்க்கு லண்டன் மருத்துவ மாணவர் மலோன் முகுவெண்டே ஆரம்பித்த 'மைண்ட் த கேப்' (2020) கையேடு இருக்கிறது, கருத்த தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று படங்களோடு. இலவசம். ஊரில் பிராக்டிஸ் செய்கிறவர்களுக்கும் உதவும்.

இதையெல்லாம் படித்தால் எல்லாமே துக்கக் கதை என்று தோன்றிவிடும், அதுவும் சரியில்லை. அலண்ட்ரா நெல்சனின் 'பாடி அண்ட் சோல்' (2011) கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சி நடத்திய இலவசக் கிளினிக்குகளையும் சிக்கிள் செல் பரிசோதனைகளையும் சொல்கிறது. நியூயார்க்கில் புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர்களின் யங் லார்ட்ஸ் இயக்கம் 1970இல் காசநோய் எக்ஸ்ரே வண்டி ஒன்றைக் கைப்பற்றித் தங்கள் தெருவுக்கு ஓட்டிக்கொண்டு போனது, அடுத்த மாதம் லிங்கன் மருத்துவமனைக் கட்டிடத்தையே பிடித்தது. (பிராங்க்ஸ் போகிற தம்பி, இது உங்க ஊர்.) புத்தகம் இல்லை என்றாலும் 2018இல் வந்த, லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின ஆண்கள் போகும் முடிதிருத்தகங்களில் நடந்த சோதனையையும் தேடிப் படியுங்கள்: 52 கடைகள், மருந்தாளுநர் கடைக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை எழுதினார், ஆறு மாதத்தில் சிஸ்டாலிக் (பிரஷரின் மேல் எண்) சராசரியாக 27 புள்ளி இறங்கியது. சொன்ன பேச்சு கேட்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்ட அதே ஆண்கள்.

சாப்பாட்டுக்கு 'டீகாலனைஸ் யுவர் டயட்' (2015), மெக்சிகோப் பாரம்பரியச் சமையல். டயட் சார்ட்டில் கீன்வா எழுதினால் என் நோயாளிகள் சிரிக்கிறார்கள். பீன்ஸும் கள்ளிச் சதையான நோபாலும் பூசணியும் அவர்கள் பாட்டி சமைத்ததுதான், அதை எழுதினால் மறுநாளே செய்கிறார்கள்.

முதலில் எதைப் படிப்பது என்றால், எமர்ஜென்சியிலும் பிரசவ வார்டிலும் இருக்கப் போகிறவர்கள் வில்லரோசாவில் ஆரம்பிக்கலாம், பண்ணைகள் சூழ்ந்த ஊருக்குப் போகிறவர்கள் ஹோம்ஸில். காசு கொடுத்து வாங்க வேண்டாம், வந்து இறங்கி வீட்டு முகவரி கிடைத்த கையோடு பொது நூலகத்தில் கார்டு போட்டுவிடுங்கள், பல நூலகங்களில் லிபி ஆப்பில் ஆடியோவாகவும் கேட்கலாம். நைட் டியூட்டி முடிந்து ரயிலில் போகும்போது எனக்கு அதுதான் ஓடும்.