விரியன் இருக்கும் தீவில் வால் சீக்கிரம் கழலும்

கிரேக்கத்துக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் ஒரு படமும் அதோடு ஒரு கேள்வியும் அனுப்பியிருக்கிறார். நாக்சோஸ் தீவில் ஒரு கல்லடுக்குச் சுவர்மேல் பல்லி ஒன்று வெயில் காய்கிறது. உடம்பெல்லாம் பழுப்பு, நடுவே கரும்புள்ளிகள். வால் பாதிவரை அப்படியே வருகிறது. அதற்கப்புறம் நிறம் மங்கி, புள்ளி எதுவும் இல்லாமல், செதில்கள் பொடிப்பொடியாக இருக்கின்றன. “இது ஏதாவது நோயா? அங்கே பார்த்த பல்லிகளில் நிறைய இப்படித்தான் இருந்தன” என்று கேட்கிறார்.

நோய் இல்லை. அது மறுபடி முளைத்த வால். படத்தில் இருப்பது எர்ஹார்டு சுவர்ப்பல்லி. ஏஜியன் கடல் தீவுகளில் காலை வெயில் ஏறியதும் கல் இடுக்குகளிலிருந்து முதலில் வெளியே வருவது பெரும்பாலும் இதுதான். தலை முதல் வாலின் அடி வரை சுமார் 7 செ.மீ., வால் கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு. வீட்டுப் பல்லியைவிட நம் ஊர் அரணையின் சாயல்தான் இதற்கு அதிகம்.

கிரேக்கத்தில் 60-க்கும் மேற்பட்ட ஊர்வன இனங்கள் இருக்கின்றன. ஐரோப்பாவில் இது பெரிய எண்ணிக்கை. ஆமை, கடலாமை, விரியன், காலில்லாப் பல்லி, பைலோஸ் அருகே மணல்மேடுகளில் ஆப்பிரிக்கப் பச்சோந்தி என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் வாசகர் கேட்டது வாலைப் பற்றி. அதிலேயே இந்தக் கட்டுரைக்கு மேல் விஷயம் இருக்கிறது.

எதிரி பிடித்தால் பல்லி வாலை விட்டுவிட்டு ஓடும், அறுந்த வால் கிடந்து துடிக்கும், எதிரி அதையே பார்த்துக்கொண்டிருக்க பல்லி தப்பிவிடும். இது பள்ளிப் பாடம். பாடப்புத்தகம் அதோடு நின்றுவிடுகிறது. வால் எப்படி அறுகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம்.

முதலில் ஒன்று: எதிரி இழுப்பதால் வால் அறுவதில்லை. பல்லிதான் அறுக்கிறது. செத்த பல்லியின் வாலைப் பிய்த்தெடுக்க உயிருள்ள பல்லியின் வாலைவிட அதிக பலம் வேண்டும். காரணம், உயிருள்ள பல்லியின் தசைகளும் அந்த வேலையில் பங்கெடுக்கின்றன.

அறுபடுவது எந்த இடத்தில்? இரண்டு முள்ளெலும்புகள் சேரும் மூட்டில் என்றுதான் யாரும் நினைப்போம். இந்தச் சுவர்ப்பல்லிகளில் அப்படி இல்லை. வாலின் ஒவ்வொரு முள்ளெலும்பின் நடுவிலும் குறுக்கே ஒரு மெலிந்த தளம் ஓடுகிறது. பாதியாக உடைத்துச் சாப்பிட மாத்திரையின் நடுவே ஒரு கோடு போட்டிருப்பார்களே, அதே ஏற்பாடு. வாலின் அடியில் உள்ள சில எலும்புகளில் மட்டும் இந்தக் கோடு கிடையாது. ஆண் பல்லியின் இனப்பெருக்க உறுப்பும் அதை உள்ளிழுக்கும் தசையும் அங்கேதான் இருக்கின்றன. அந்த இடம் போனால் உயிர் தப்பியும் சந்ததி இல்லை.

எலும்பில் மட்டும் கோடு போட்டால் போதாது. தசை, கொழுப்பு, தோல் எல்லாம் அதே இடத்தில் பிரிய வேண்டும். வால் தசை நீளமான ஒரே கயிறாக இல்லாமல் துண்டு துண்டாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டின் முனையும் கூம்பு கூம்பாகக் கூர்ந்து அடுத்த துண்டின் பள்ளங்களுக்குள் பொருந்தி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய இணைப்புத் திசு ஒரு தடுப்பாக ஓடுகிறது. அந்தத் தடுப்பும், எலும்பின் கோடும், மேலே செதில் வரிசையின் விளிம்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. புதிதாக விழுந்த வாலின் அறுந்த முகத்தைக் கவனித்துப் பாருங்கள். பிய்ந்த சதை போலவே இருக்காது. இளஞ்சிவப்பில் கூம்புகள் ஒழுங்கான வட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும். தசைநார் ஒன்றுகூடக் கிழிந்திருக்காது. பொருந்தியிருந்தது விலகியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, இவ்வளவு சுலபமாகப் பிரிகிற வால் கல்லிடுக்கில் நுழையும்போதும் தாவும்போதும் ஏன் கழன்று விழுவதில்லை? நல்ல கேள்வி. இதற்கு 2022-இல் சயின்ஸ் இதழில் ஒரு விடை வந்தது. அபுதாபியில் உள்ள நியூயார்க் பல்கலைக்கழக வளாகத்தின் ஆய்வாளர்கள் பல்லிகளின் அறுந்த வால் முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது கிரேக்கப் பல்லிகளை அல்ல, அந்தப் பகுதியில் வாழும் மூன்று இனங்களை. கூம்புகளின் பரப்பெங்கும் காளான் வடிவத்தில் மிக நுண்ணிய தூண்கள். ஒவ்வொரு தூணின் தலையிலும் அதைவிட நுண்ணிய துளைகள். இதே அமைப்பை மென்மையான பாலிமரில் செய்து சோதித்தபோது விஷயம் பிடிபட்டது. நேராக இழுத்தால் இந்தத் தூண்கள் எல்லாம் சேர்ந்து பாரத்தைத் தாங்குகின்றன, பிடி உறுதியாக நிற்கிறது. கொஞ்சம் வளைத்து ஓரத்திலிருந்து உரித்தால் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கின்றன, பிடி சட்டென்று போய்விடுகிறது. விரிசல் ஓடி வந்தாலும் துளைகளும் இடைவெளிகளும் அதை அங்கங்கே தடுத்து நிறுத்துகின்றன.

பிடிபட்ட பல்லி வாலை வெடுக்கென்று பக்கவாட்டில் வளைப்பது ஏன் என்று இப்போது புரியும். பிடிபட்ட இடத்துக்குச் சற்று முன்னால் உள்ள தசைகளை ஒரு பக்கமாகச் சுருக்குகிறது. நேரான இழுப்பு ஓரத்து உரிப்பாக மாறுகிறது. நேராக இழுத்தால் அறாது, வளைத்தால் அறும்! ஒரே ஒட்டு இரண்டு நேரெதிரான வேலைகளைச் செய்கிறது. இதைப் படித்த அன்று வெகுநேரம் வேறு வேலையே ஓடவில்லை எனக்கு.

ரத்தம்? கிட்டத்தட்ட வராது. வால் தமனியில் ஒவ்வொரு முறிவுத் தளத்துக்கும் சற்று முன்னால் வளையத் தசை இருக்கிறது, அறுந்ததும் அது இறுகிவிடும். சிரைகளில் வால்வுகள் இருக்கின்றன.

அறுந்த வால் துடிப்பதற்கு மூளை தேவையில்லை. வாலுக்குள் இருக்கும் தண்டுவடத் துண்டே இடம் வலம் என்று மாறிமாறித் தசைகளை இயக்கும் தாளத்தை உண்டாக்கும். இயல்பாக உயிரோடு இருக்கும்போது அதை மூளை அடக்கி வைத்திருக்கிறது. அறுந்தவுடன் அடக்க ஆளில்லை. ரத்த ஓட்டமும் இல்லை என்பதால் தசைகள் ஆக்சிஜன் இல்லாமல் சக்தி எடுக்கின்றன, லாக்டிக் அமிலம் சேர்கிறது, சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும்.

இழப்பு சாதாரணமானதல்ல. வாலில்தான் பல்லி கொழுப்பைச் சேமிக்கிறது. ஓடும்போதும் தாவும்போதும் சமநிலை தருவதும் அதுதான். புதிய வால் முளைக்க வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். முளைப்பதும் பழைய வால் அல்ல. முள்ளெலும்புகள் வராது, உள்ளே நீளத்துக்கு ஒரே குருத்தெலும்புக் குழாய்தான். செதில் அடுக்கும் நிறமும் வேறு. வாசகர் படத்தில் நிறம் மாறும் இடம் பழைய முறிவு நடந்த இடம். குருத்தெலும்புக் குழாயில் முறிவுக் கோடு கிடையாது என்பதால், அடுத்த முறை அதற்கும் முன்னால், பழைய எலும்பு மிச்சமிருக்கும் பகுதியில்தான் அறுத்துக்கொள்ள முடியும். ஆகவே ஒவ்வொரு முறையும் கையிருப்பு குறைகிறது.

இவ்வளவு விலை கொடுக்க வேண்டிய ஒன்றை எந்தப் பல்லியும் சும்மா செய்துவிடாது. எப்போது, எவ்வளவு சுலபத்தில் விடுவது என்பது இடத்துக்கு இடம் மாறவேண்டும். இதைச் சோதிக்க ஏஜியன் தீவுகளைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. நாக்சோஸ், பாரோஸ் எல்லாம் அப்போது ஒரே பெரிய நிலப்பரப்பு. பனி உருகிக் கடல் ஏற ஏற அது துண்டு துண்டாகித் தீவுகளாகிவிட்டது. ஒவ்வொரு துண்டிலும் சுவர்ப்பல்லி மாட்டிக்கொண்டது. எதிரிகள் எல்லாத் தீவிலும் நிலைக்கவில்லை. நாக்சோஸ், பாரோஸ் போன்ற பெரிய தீவுகளில் மூக்குக்கொம்பு விரியன் இன்னும் இருக்கிறது. சின்னத் தீவுகள் பலவற்றில் பாம்பே இல்லை.

ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பனாயோட்டிஸ் பாஃபிலிஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஹன்னஸ் ஃபூஃபோபுலோஸ் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் கிரேக்கப் பெருநிலத்திலும் தீவுகளிலும் வாழும் 15 வகைப் பல்லிகளை ஒப்பிட்டு 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எல்லாப் பல்லிகளின் வாலையும் ஒரே முறையில் அழுத்திப் பிடித்து, எவை விடுகின்றன, எவை விடுவதில்லை என்று பார்த்தார்கள். அந்தந்த இடத்தில் என்னென்ன எதிரிகள் உண்டு என்ற பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். எதிரிகளின் மொத்த எண்ணிக்கை விஷயமாகவே இல்லை. விரியன் இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்விதான் வித்தியாசத்தை மிக நன்றாக விளக்கியது. விரியன் இருக்கும் இடத்தில் வால் சீக்கிரம் கழல்கிறது.

ஏன் விரியன் மட்டும்? மற்ற எதிரி வாலைப் பிடித்தால் பல்லிக்குப் போராடிப் பார்க்க நேரம் இருக்கிறது. இழுத்துப் பார்க்கலாம், திரும்பிக் கடிக்கலாம், கடைசியில் விடலாம். விரியன் கடித்தால் விஷம் ஏறுகிறது. வாலில் பட்ட விஷம் ரத்தத்தோடு உடம்புக்குப் போவதற்குள் வால் உடம்பை விட்டுப் போயாக வேண்டும். தயங்குகிற பல்லி அதற்கப்புறம் தப்பி ஓடினாலும் சாகும். மெதுவாக வால் விட்டவை பிள்ளை பெறாமல் போயின, சட்டென்று விட்டவை பெருகின. விரியன் இல்லாத தீவுகளில் அந்த அழுத்தம் தளர்ந்து, வாலின் பிடி இறுகிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, முளைத்த வால்களை எண்ணினால் ஒரு தீவில் எத்தனை எதிரிகள் என்று தெரிந்துவிடும் என்று தோன்றும். நெடுநாள் பல ஆய்வாளர்கள் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் யுவால் இட்டெஸ்கு, பாஃபிலிஸ் முதலானோருடன் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. ஏஜியன் தீவுகளில் எத்தனை பல்லிகள் வால் இழந்திருக்கின்றன என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எதிரி அல்ல, சக பல்லிகள். எதிரி இல்லாத சின்னத் தீவில் கூட்டம் பெருகுகிறது, இரை குறைகிறது, ஒன்றையொன்று கடிக்கின்றன. ஸ்கைரோஸ் தீவை ஒட்டிய டியாவாட்டெஸ் என்ற சின்னஞ்சிறு தீவில் வாழும் சுவர்ப்பல்லிகள் தங்கள் இனத்து மற்றவற்றையும் தின்பவை. அங்கே விழுந்த வால் ஒரு வேளைச் சாப்பாடு. ஆக, எவ்வளவு சுலபமாக வாலை விடுவது என்பதை விரியன் வடிவமைத்திருக்கிறது. எத்தனை முறை விட நேர்கிறது என்பதோ அண்டை அயலாரைப் பொறுத்தது. வாசகர் பார்த்த பல்லிகளின் வால்களிலும் பாதிக்குமேல் இன்னொரு பல்லி கடித்ததாக இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

இந்த ஆராய்ச்சிகளுக்குத் தேவைப்பட்டவை என்ன? படகு, கம்பு நுனியில் ஒரு சுருக்குக் கயிறு, அளவுகோல், பொறுமை. கூடவே ஒவ்வோர் ஆண்டும் திரும்பப் போக ஒரு சிறு தொகை. அந்தச் சிறு தொகைதான் எந்த நாட்டிலும் எளிதில் கிடைப்பதில்லை. “இதனால் என்ன பயன்?” என்று கேட்டு மடக்கிவிடுகிறார்கள். நேராக இழுத்தால் நிற்கவும் வளைத்தால் விடவும் கூடிய ஒட்டு ரோபோக்களுக்கும் செயற்கை உறுப்புகளுக்கும் பயன்படும் என்று இன்று பொறியாளர்கள் பேசுகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் அந்தப் பயன் வருமுன்னரே இந்த வேலைக்குப் பணம் கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. பல்லி வாலை யாராவது பல பத்தாண்டுகளாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்காவிட்டால் என்ன கேட்பது என்றே பொறியாளருக்குத் தெரிந்திருக்காது.

நம்பிக்கைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல்லி எங்கே விழுந்தால் என்ன பலன் என்று நம் பஞ்சாங்கங்களில் அச்சிடுகிறார்கள். கிரேக்கத்துக்கும் மேற்கே இத்தாலியில் இரட்டை வால் பல்லியைப் பார்த்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். வால் முழுதும் அறாமல் பாதி பிளந்த இடத்தில் இன்னொன்று முளைப்பதால் வருவது அது. இவற்றால் பெரிய கேடு இல்லை. கேடு வருவது பயத்தால்தான். காலில்லாப் பல்லி ஒரு மீட்டருக்கு மேல் வளரும், கண்ணிமையும் காதுத் துளையும் உண்டு, விஷம் துளியும் இல்லை. பாம்பு என்று நினைத்துக் கிரேக்கக் கிராமங்களில் அதை அடித்துக் கொல்கிறார்கள். அதே நாட்டில் கெஃபலோனியா தீவின் மார்கோபுலோவில், ஆகஸ்ட் 15 மாதா திருநாளை ஒட்டி, பூனைக்கண் பாம்புகளைப் பிடித்துவந்து தேவாலயத்தில் கைகளிலும் படங்கள்மீதும் ஊரவிடுகிறார்கள். பல்லிகளை உண்டு வாழும், மனிதருக்கு ஆபத்தில்லாத பாம்பு அது. அந்த ஊரில் பிள்ளைகள் பாம்பைத் தொட்டு வளர்கிறார்கள். நான் அந்தச் சடங்கை நம்பவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் கையில் கல் இல்லை என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

விரியனைப் பற்றி ஒரு கவலை. ஏஜியன் கடலின் சைக்ளேட்ஸ் தீவுக்கூட்டத்தின் மேற்கே மிலோஸ், கிமோலோஸ், போலியெகோஸ், சிஃப்னோஸ் ஆகிய நான்கு தீவுகளில் மட்டும் வாழும் மிலோஸ் விரியன் அழியும் நிலையில் உள்ள இனம். பெரிய விரியன் வலசை வரும் சிறு பறவைகளைத் தின்கிறது, குட்டிகள் பல்லிகளைத் தின்கின்றன. இரவில் சாலை கடக்கும்போது வண்டியில் அடிபட்டும், சுரங்கங்களுக்காக நிலம் தோண்டப்படுவதாலும் அவை குறைந்துகொண்டிருக்கின்றன. மிலோஸ் தீவின் சுவர்ப்பல்லி தனி இனம், அந்த விரியனோடு சேர்ந்தே வளர்ந்தது. அந்த விரியனைக் காப்பாற்றவும், அந்த மண்ணில் இரண்டும் ஒன்றாக இருக்கும்போதே அந்தப் பல்லியின் வாலை இன்னும் நுணுக்கமாகப் படிக்கவும் பணம் ஒதுக்க வேண்டிய நேரம் இப்போதுதான்.