அனுப்பிய பாட்டு ரேடியோவில் ஏன் வரவில்லை?

"பாட்டு நல்லா இல்லையா சார்?" சொந்தமாகப் பாட்டுப் போட்டு வெளியிடுகிற பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான். வானொலியில் பாடல் தேர்வு செய்யும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். பாட்டு சரியில்லை என்று ஒதுக்குவதை விட, பாட்டு நன்றாக இருந்தும் போட வழியில்லாமல் ஒதுக்குவதுதான் எனக்கு அதிக வருத்தம்.

ஒருநாள் காலையில் அப்படி ஒரு பாட்டு கேட்டேன். ஒரு கிடார், ஒரு பெண்குரல், அவ்வளவுதான். இரவு நிகழ்ச்சிக்கு என்று உடனே எடுத்து வைத்தேன். ஃபைலின் பெயர் 'ஃபைனல் மிக்ஸ் 3'. பாடியவர் பெயர் இல்லை, எழுதியவர் பெயர் இல்லை, போன் நம்பரும் இல்லை. எந்த மெயிலில் வந்தது என்று தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. ஒலிபரப்பும் ஒவ்வொரு பாட்டுக்கும் நாங்கள் கணக்கு எழுத வேண்டும். யாருடையது என்று தெரியாத பாட்டை எப்படிப் போடுவது? அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள். எம்பி3 ஃபைலுக்குள்ளேயே பாட்டின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், தொடர்பு எண் எல்லாவற்றையும் பதியலாம். ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் (WAV) ஃபைலில் இந்த விவரங்கள் பல நேரம் நிற்காது. அதனால் ஃபைல் பெயரிலேயே பாடகர் பெயரையும் பாட்டின் பெயரையும் வைத்துவிடுங்கள். ஐ.எஸ்.ஆர்.சி. என்று 12 இடங்கள் கொண்ட ஒரு குறியீடு உண்டு. அது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனி. பாட்டை இணையத்தில் வெளியிட்டுத் தரும் விநியோக நிறுவனங்கள் பெரும்பாலும் அதைத் தாங்களே தந்துவிடும். வானொலிக்காகச் சுருக்கிய வடிவம் இருந்தால் அதற்கு வேறு குறியீடு வாங்க வேண்டும்.

அடுத்தது ஒலி. ஹெட்ஃபோனில் பிரமாதமாக விரிந்து கேட்கும் மிக்ஸ், ஒற்றை ஸ்பீக்கர் வைத்த சின்ன ரேடியோவில் வந்ததும் இளைத்துப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இடதையும் வலதையும் செயற்கையாக அகலப்படுத்தியிருந்தால், இரண்டும் ஒன்றாகச் சேரும்போது ஒன்றையொன்று அழித்துவிடும். ஒருமுறை ஒரு பாட்டில் கோரஸ் முழுக்கவே காணாமல் போனது! அனுப்பும் முன் மிக்ஸை மோனோவில், அதாவது இடதும் வலதும் ஒன்றாகச் சேர்ந்த ஒலியாக, போட்டுக் கேளுங்கள், ஒரு நிமிட வேலை. இன்னொன்று: சத்தம் அதிகம் வேண்டும் என்று மாஸ்டரிங்கில், அதாவது கடைசியாக ஒலியை மெருகேற்றும் கட்டத்தில், மெல்லிய சத்தமும் பெரிய சத்தமும் ஒன்றாகும்படி நசுக்கிவிடாதீர்கள். நிலையத்தில் ஒலியைச் சமன்செய்ய எங்களிடமே கருவி இருக்கிறது. ஏற்கெனவே நசுங்கிய பாட்டு அதற்குள் போனால் கரகரத்துத்தான் வெளியே வரும்.

நீளம் நான்கு நிமிடத்துக்குள் இருந்தால் நல்லது. கெட்ட வார்த்தை இருந்தால் அது இல்லாத வடிவத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அப்புறம், கிட்டத்தட்ட யாருமே செய்யாத ஒரு காரியம் சொல்கிறேன். 'குரல் 14வது வினாடியில் தொடங்கும், முடிவு சட்டென்று நிற்கும்' என்று ஒரு வரி எழுதுங்கள். தொகுப்பாளர் பாட்டின் முன்னிசை மேல்தான் பேசுவார். எவ்வளவு நேரம் பேசலாம், எங்கே முடியும் என்று தெரிந்தால் தைரியமாக எடுப்பார்.

யாருக்கு அனுப்புவது? பகல்நேரப் பட்டியலை ஒரு குழு கூடி முடிவுசெய்யும். அங்கே புதியவர் நுழைவது கஷ்டம். இரவு நிகழ்ச்சி, ஒரே வகை இசைக்கான நிகழ்ச்சி, சமுதாய வானொலி, கல்லூரி வானொலி என்று தொகுப்பாளரே பாட்டைத் தேர்ந்தெடுக்கும் இடங்களில் தொடங்குங்கள். புதியவர்களுக்கென்றே கதவு திறந்து வைத்த நிலையங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டிரிபிள் ஜே 'அன்எர்த்டு' 1995 முதலும், பிபிசி 'இன்ட்ரொடியூசிங்' 2007 முதலும் அப்படி நடக்கின்றன. எங்கே அனுப்பினாலும் அந்த நிகழ்ச்சியை ஒரு இரண்டு வாரம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். கேட்டவர் எழுதிய மெயில் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நான்கு வரி போதும். பாட்டை இணைப்பாக ஏற்றாமல், பாஸ்வேர்ட் கேட்காத, ஒரு வாரத்தில் காலாவதி ஆகாத லிங்க்கைக் கொடுங்கள். பதில் இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

பணம் பற்றியும் சொல்லியாக வேண்டும். "இவ்வளவு கொடுங்கள், இத்தனை தடவை போட வைக்கிறேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாட்டை நிலையங்களுக்குக் கொண்டுபோய்க் காட்டும் வேலைக்குக் கூலி வாங்குவது முறையான தொழில். ஆனால் அப்படி நேர்மையாகச் செய்பவர் ஒலிபரப்பாகும் என்று உறுதி கொடுக்க மாட்டார், கொடுக்கவும் முடியாது. ரகசியமாகக் காசு வாங்கிக்கொண்டு பாட்டுப் போட்ட விவகாரம் அமெரிக்காவில் பெரிதாக வெடித்து, 1960இல் அதற்கெதிராகச் சட்டமே வந்தது.

உங்களுக்கு வரவேண்டிய பணமும் இருக்கிறது. எழுதி இசையமைத்தவருக்கு ஒரு உரிமை, பாடிப் பதிவுசெய்தவருக்கு இன்னொன்று. பல நாடுகளில் வானொலி இரண்டுக்கும் பணம் கட்டுகிறது. அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் நிலையங்கள் முதலாவதற்கு மட்டும். பாட்டு ஒலிபரப்பாகும் முன்பே, இந்தப் பணத்தை வசூலித்து உரியவருக்குத் தரும் உரிமைச் சங்கத்தில் பதிந்துவிடுங்கள். பிறகு பதியலாம் என்று விட்டால் வந்த தொகை உங்களைத் தேடி வராமலே போய்விடலாம்.

முதல்முறை உங்கள் பாட்டு வந்த அன்று நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தொகுப்பாளருக்கு நன்றி எழுதுங்கள். அடுத்த நிலையத்துக்கு அனுப்பும் மெயிலில் அந்த மூன்றும் முதல் வரியில் இருக்கட்டும்.