17 வயதுப் பையனை ஏன் குற்றவாளி மாதிரி படம் எடுக்கிறீர்கள்?

இந்த முறையும் ஒன்று வந்துவிட்டது. மாணவர்கள் செய்த ராப் இசை இதழ், அட்டையில் 17 வயதுப் பையன். ஹூடி தலைக்கு மேல், முகத்தில் பாதி இருட்டு, பின்னால் கிராஃபிட்டி சுவர், கழுத்தில் யாரிடமோ கடன் வாங்கிய சங்கிலி, கையில் அவனுக்கே அர்த்தம் தெரியாத ஒரு விரல் சைகை. உள்ளே பேட்டியைப் படித்தால் அதே பையன் தங்கைக்குக் கணக்குச் சொல்லித்தருவதையும், ஒரு எதுகை கிடைக்க ராத்திரி முழுக்க அகராதியைப் புரட்டியதையும் பேசுகிறான். அட்டையில் இருப்பவனும் உள்ளே இருப்பவனும் ஒரே ஆள்தான் என்று நம்பவே முடியவில்லை.

நான் பட ஆசிரியர். மாணவர் இதழ்களை மதிப்பிட்டுக் கருத்துச் சொல்வதும் என் வேலையில் ஒரு பகுதி. ஏன் இப்படி எடுத்தீர்கள் என்று கேட்டால் தொகுதிக்குத் தொகுதி ஒரே பதில்: "அது ஜானர் கன்வென்ஷன் மேடம்." அதாவது, ராப் என்ற இசைவகையின் மரபே அப்படித்தானாம். இந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு எரிச்சல்.

சரி, மரபு என்கிறீர்களே, எந்த மரபு? ராப்புக்குத் தாய்வீடான ஹிப்ஹாப் பிறந்ததாக எல்லோரும் சொல்லும் நாள் 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ குடியிருப்பின் பொது அறையில் நடந்த பார்ட்டி அது. பள்ளி திறக்கும் முன் புது உடுப்பு வாங்கப் பணம் சேர்ப்பதற்காக சிண்டி கேம்ப்பெல் நடத்தினார். இசைத்தட்டுகளைச் சுழற்றிய அவருடைய அண்ணன் கூல் ஹெர்க்குக்கு அப்போது 18 வயது. பள்ளி உடுப்புக்காக! 1980களில் புரூக்ளின் தெருக்களிலும் சுரங்க ரயிலிலும் ஜமேல் ஷபாஸ் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். பளிச்சென்ற நிறங்கள், தேய்த்துப் போட்ட உடை, பெரிய கண்ணாடி, நேராகக் கேமராவைப் பார்க்கும் பிள்ளைகள். முதலில் பேசிவிட்டு, அவர்கள் சம்மதத்தோடு எடுத்த படங்கள். 1984இல் ஜானெட் பெக்மன் ரன்-டிஎம்சி என்ற ராப் குழுவைப் படம் எடுத்தது அவர்களுடைய சொந்தப் பகுதியான ஹாலிஸில், மரங்கள் நிற்கும் சாதாரண வீட்டுத் தெருவில், பகல் வெளிச்சத்தில், கூட்டாளிகளோடு. டி லா சோல் என்ற குழு 1989இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் அட்டையில் மஞ்சளும் பூக்களுமாக இருக்கும். இதெல்லாம் ராப் இல்லையா?

நீங்கள் மரபு என்று நினைப்பது ஒரு காலகட்டத்தில், ஒரு பிரிவுக்கு, இசை நிறுவனங்களும் இதழ்களும் சேர்ந்து கட்டிய தோற்றம். விற்றது, அதனால் அடுத்தவர் நகலெடுத்தார், அவரை இன்னொருவர் நகலெடுத்தார், கடைசியில் அது நீங்கள் மாதிரிப் படங்களை ஒட்டிவைக்கும் மூட் போர்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நகலின் நகலை எடுத்துவைத்துக்கொண்டு பாரம்பரியம் என்கிறீர்கள்.

கிரீடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் ராப் பாடகர் நொடோரியஸ் பி.ஐ.ஜி. கிரீடம் வைத்த அந்தப் படத்தை பேரன் கிளேபோர்ன் எடுத்தார். பிளாஸ்டிக் கிரீடம்தான். அந்த மனிதரை ஒரு அரசராகக் காட்ட வேண்டும் என்பது படமெடுத்தவரின் யோசனை, பாடகரின் உடம்பையும் பார்வையையும் பார்த்து வந்த யோசனை. சில நாட்களில் பாடகர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2020இல் அந்தக் கிரீடம் சோதபீஸ் ஏலத்தில் 5,94,750 டாலருக்குப் போனது. அதற்கப்புறம் எனக்கு வரும் மாணவர் இதழ்களில் எத்தனை கிரீடங்கள்! யாரைப் பார்த்து, எதற்காக அந்தக் கிரீடம் என்று கேட்டால் பதில் இல்லை.

மாணவர் இதழ்தானே, இவ்வளவு ஏன் பேசுகிறேன் என்று தோன்றலாம். தி சோர்ஸ் என்ற பெயர்பெற்ற ஹிப்ஹாப் இதழை 1988இல் ஹார்வர்டில் இரண்டு மாணவர்கள் செய்திமடலாகத்தான் தொடங்கினார்கள். மாணவர் வேலை என்ற சாக்கு என்னிடம் செல்லாது.

அடுத்தது இருட்டாக்குவது. 1994 ஜூனில், கொலை வழக்கில் கைதான கறுப்பின அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சனைக் காவல்துறை எடுத்த படத்தை டைம், நியூஸ்வீக் இரண்டு இதழ்களும் ஒரே வாரத்தில் அட்டையில் போட்டன. நியூஸ்வீக் உள்ளபடியே போட்டது. டைமில் அதே முகம் கறுத்து, ஓரங்கள் நிழலடைந்து வந்தது. கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. பெரிய கண்டனம் எழுந்தது. ஃபோட்டோஷாப்பில் கான்ட்ராஸ்டை ஏற்றி, நிறத்தைக் குறைத்து, ஓரத்தை இருட்டாக்கி "மூட் வந்துடுச்சு" என்று நீங்கள் சொல்வதும் இதே வேலைதான்.

இதில் தொழில்நுட்பக் கோளாறும் சேர்ந்துகொள்ளும். வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெளிறிய சுவருக்கு முன் கறுத்த முகத்தை நிறுத்தினால் சுவரைப் பார்த்து ஏமாந்து முகத்தை இன்னும் மங்கவைக்கும். மீட்டரை முகத்தில் வையுங்கள், கண்ணுக்கு ஒரு வெளிச்சம் கொடுங்கள். அச்சில் மை பரவும் என்பதையும் மறக்காதீர்கள். திரையில் தெரிகிற நிழல் விவரம் தாளில் மூடிப்போகும், முக்கியமாக மலிவுத் தாளில். சோதனைப் பிரதி எடுக்காமல் அட்டையை அனுப்பும் பழக்கத்தைப் பற்றித் தனியாகத் திட்ட வேண்டும், இன்னொரு நாள்.

விரல் சைகை, பொம்மைத் துப்பாக்கி, முகமூடி இவையெல்லாம் வேண்டவே வேண்டாம், அவனே கேட்டாலொழிய. அவனே கேட்டாலும் துப்பாக்கி வேண்டாம். விளையாட்டுப் பேச்சில்லை இது. அமெரிக்காவில் ராப் வரிகளையும் வீடியோக்களையும் அரசுத் தரப்பு வழக்குகளில் ஆதாரமாக நீட்டியிருக்கிறது. அதற்குக் கட்டுப்பாடு போட கலிஃபோர்னியா 2022இல் ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது, அந்தச் சட்டத்தில் பாட்டோடு காட்சிக் கலையும் சேர்த்தியாக இருக்கிறது. நீங்கள் மதிப்பெண் வாங்கி மறந்துவிடுவீர்கள். அவன் பெயரைத் தேடும் ஒவ்வொருவருக்கும் அந்த அட்டை வந்து நிற்கும்.

பெண் பிள்ளைகள் விஷயம் வேறு மாதிரி கெட்டுக் கிடக்கிறது. பையனைக் கீழிருந்து அண்ணாந்து எடுக்கிறீர்கள், அவன் ஆளுகிற மாதிரி தெரிகிறான். அதே இதழில் பாட்டு எழுதிப் பாடுகிற பெண்ணை மேலிருந்து எடுத்து, உதடு பிரிந்து, தலை சாய்ந்து, மார்புக்குக் குறுக்கே கட்டுரைத் தலைப்பின் எழுத்துகளை ஓட்டுகிறீர்கள். பேட்டியில் அவள் தன் வரிகளைப் பற்றிப் பேசுகிறாள், படத்தில் ஒரு மைக் கூட இல்லை. பக்க வடிவமைப்பைப் பார்த்த ஒருவருக்குமா இது உறுத்தவில்லை?

உடனே எதிர்ப்பக்கம் ஓடிவிடாதீர்கள். போன தடவை இதைச் சொன்னதும் ஒரு குழு எல்லோரையும் வெள்ளைப் பின்னணியில் பல்பசை விளம்பரம் மாதிரி சிரிக்கவைத்துக் கொண்டுவந்தது. ஹூடி அவனுடைய தினசரி உடுப்பு என்றால் ஹூடியே இருக்கட்டும். முகத்தைக் காட்ட வேண்டாம் என்று அவனுக்குச் சொந்தக் காரணம் இருந்தால் மதியுங்கள். யார் முடிவு என்பதுதான் கேள்வி.

படம் எடுக்கப் போகும் முன் ஒரு மணி நேரம் அந்தப் பாட்டைக் கேளுங்கள், வரிகளைப் படியுங்கள். அவன் எழுதும் இடம், நோட்டு, ஹெட்ஃபோன், கூட இருக்கும் நண்பர்கள் எல்லாம் உங்களுக்குப் பொருட்கள்தான், கடையில் போய் எதுவும் வாங்க வேண்டியதில்லை. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் கட்டாயம், வாய்ப்பேச்சில் முடிக்காதீர்கள். "தெருவிலிருந்து எழுந்தவன்" மாதிரி அட்டை வாசகங்களை அவன் எழுந்தது உண்மையிலேயே தெருவிலிருந்துதானா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். அப்புறம், பெற்றோரை எச்சரிக்கும் அந்தக் கறுப்பு-வெள்ளை 'பேரண்டல் அட்வைசரி' முத்திரை. அது இசைப்பதிவுகளுக்கானது, அமெரிக்க இசைத்தொழில் சங்கத்தின் வணிகச் சின்னம். உங்கள் இதழின் மூலையில் அலங்காரத்துக்கு ஒட்ட வேண்டாம், தயவுசெய்து.

கடைசித் தேர்வுக்கு முன் எடுத்த படங்களை அவனுக்கோ அவளுக்கோ காட்டுங்கள், வேண்டாம் என்றதை நீக்குங்கள். உங்கள் வேலையைப் பற்றி நீங்களே எழுதித்தரும் மதிப்பீட்டுக் குறிப்பில் "இளைஞர்களைச் சிறப்பாகப் பிரதிநிதித்துவப்படுத்தியுள்ளேன்" என்று மூன்று பக்கம் நிரப்புவதற்குப் பதிலாக, அவர்கள் ஒதுக்கிய படங்களையும் சொன்ன காரணத்தையும் ஒட்டிவையுங்கள். நான் முதலில் திருப்பிப் பார்க்கும் பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.