பேச்சுவார்த்தை இழுத்துக்கிட்டே போகுதா? டிமாண்ட் லிஸ்ட்டை மொதல்ல ரெண்டா பிரிங்க

ரயில்வே கான்ட்ராக்ட்ல கோச் க்ளீனிங், பிளாட்பார்ம் கூட்டுறது, ஏசி கோச்சுக்கு பெட்ஷீட் குடுக்குறதுன்னு வேல பாக்குறவங்களோட சங்கத்துக்காரங்க நெறைய பேர் என்கிட்ட வர்றாங்க. சேலத்துல லேபர் கேஸ் பாக்குற வக்கீல் நான். எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "மாசக்கணக்கா பேசிட்டு இருக்கோம்ங்க சார், ஒண்ணும் நகர மாட்டேங்குது." பேசுனதுக்கு என்ன பேப்பர் இருக்குன்னு கேட்டா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்குவாங்க.

இழுத்தடிக்கிற விதம் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரிதான் இருக்கு. கான்ட்ராக்டர் "எனக்கே ரேட் ஏத்தல, நான் எங்கிருந்து குடுக்குறது"ம்பாரு, ரயில்வே அதிகாரிகிட்ட போனா "அது உங்களுக்கும் கான்ட்ராக்டருக்கும் உள்ளது"ன்னுடுவாரு, இப்படி அலஞ்சிட்டு இருக்கும்போதே டெண்டர் முடிஞ்சு புது ஆள் வந்து "பழைய கதையெல்லாம் எனக்கு தெரியாதுங்க"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாரு. அதனால டெண்டர் எந்த தேதியில முடியுதுன்னு தெரியாம பேச்சுவார்த்தைக்கு போய் உக்காராதீங்க.

போன தடவ வந்த ஒரு சங்கத்தோட டிமாண்ட் லிஸ்ட்ல மொத ஐட்டமே "அக்டோபர் டிஏ"ன்னு (விலைவாசி ஏறுறதுக்கு ஏத்தபடி கூடுற அகவிலைப்படி) இருந்துச்சு, அடுத்து போனஸ், யூனிஃபார்ம், வார லீவுன்னு வரிசையா போகுது. கூட வந்த அக்கா ஒருத்தங்க பர்ஸ்ல இருந்து நாலா மடிச்ச சம்பள சீட்ட எடுத்து காட்டுனாங்க, ஏப்ரல்ல என்ன ரேட்டோ அதேதான் டிசம்பர்லயும். கான்ட்ராக்டர் "எல்லாத்தையும் மொத்தமா பேசி முடிச்சுக்கலாம்மா"ன்னு சொல்லி அனுப்பிட்டாராம். எனக்கு ரொம்ப கோவம் வந்த எடம் அதுதான். மத்திய அரசோட குறைந்தபட்ச கூலியில டிஏ வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஏப்ரல் 1, அக்டோபர் 1, மாறும். அந்த கூலிக்கு கீழ வாங்குறவங்களுக்கு அது பேசி வாங்குற சமாச்சாரமே இல்ல, சட்டப்படி வர வேண்டிய பாக்கி. அத டிமாண்ட் லிஸ்ட்ல போட்டா போனஸோட சேந்து அதுவும் தூங்கிடும். தனியா எடுத்து சம்பள பாக்கின்னு க்ளெய்ம் போடுங்க, கான்ட்ராக்டர் குடுக்கலன்னா குடுக்குற பொறுப்பு முதன்மை முதலாளியான ரயில்வேக்கு போகும், அதனால மொத லெட்டர்லயே அவங்களுக்கும் ஒரு காப்பி வைங்க.

இன்னொன்னு, ரயில்வே சம்பந்தப்பட்ட தகராறு மத்திய அரசு வரம்புல வரும். மாநில தொழிலாளர் ஆபீஸ்ல மனு குடுத்துட்டு பதிலுக்கு காத்திருந்தே காலத்த ஓட்டுனவங்க உண்டு. நீங்க போக வேண்டியது மத்திய தொழிலாளர் உதவி ஆணையர்கிட்ட.

இப்ப ஸ்ட்ரைக் விஷயம். "நாளைக்கு எல்லாரும் லீவு போட்டுடலாம், அது ஸ்ட்ரைக் ஆகாது"ன்னு யாராச்சும் சொன்னா தயவு செஞ்சு கேக்காதீங்க. 2025 நவம்பர் 21ல இருந்து புது தொழில் உறவு சட்டம் நடைமுறைக்கு வந்துடுச்சு, அதுல பாதி பேரோ அதுக்கு மேலயோ சேந்து கேஷுவல் லீவு போட்டாலே அது ஸ்ட்ரைக்தான். 14 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், அரசு சமரச அதிகாரி முன்னாடி சமரசப் பேச்சு நடக்குறப்பவும் அது முடிஞ்சு 7 நாள் வரைக்கும் ஸ்ட்ரைக் பண்ணக்கூடாது, மீறுனா தொழிலாளிக்கு 1,000 ரூபாயில இருந்து 10,000 வரைக்கும் அபராதம், இல்ல ஒரு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் கூட வரலாம். பத்து பேரோ அதுக்கு மேலயோ நோட்டீஸ் இல்லாம சேந்து வேலைக்கு வராம நின்னா 8 நாள் சம்பளம் வரைக்கும் பிடிக்க கூலிச் சட்டத்துல வழி இருக்கு. தினக்கூலியில வீட்டு வாடகை கட்டுற குடும்பத்துக்கு 8 நாள்னா என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. என்னைக் கேட்டா இந்த விதிகள் தொழிலாளிக்கு ரொம்பவே பாரம், ஆனா மாறுற வரைக்கும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுதான் எறங்கணும்.

அதே தொழில் உறவு சட்டத்துல நமக்கு சாதகமாவும் ஒண்ணு இருக்கு. முன்னல்லாம் சமரசம் முறிஞ்சா அரசாங்கம் கேஸை தீர்ப்பாயத்துக்கு அனுப்புற வரைக்கும் காத்திருக்கணும். இப்ப சமரச அதிகாரியோட ரிப்போர்ட் கைக்கு வந்து 90 நாளுக்குள்ள நீங்களே நேரா தீர்ப்பாயத்துக்கு போகலாம். அங்க போய் நிக்கும்போது எந்த தேதியில என்ன கேட்டோம், அவங்க என்ன சொன்னாங்கன்னுதான் மொதல்ல கேப்பாங்க.

அதுக்குத்தான் மினிட்ஸ், அதாவது கூட்டத்துல பேசுனதோட எழுத்துக் குறிப்பு. ஒவ்வொரு கூட்டம் முடிஞ்சதும் அங்கயே ஒரு பக்கம் எழுதி ரெண்டு தரப்பும் கையெழுத்து போடணும். "எதுக்குங்க அதெல்லாம், வாய்வார்த்தையே போதும்"ன்னு அவங்க மறுத்தா சண்டை போடாம எந்திரிச்சு வந்துடுங்க, அன்னைக்கே "இன்று நடந்த பேச்சுவார்த்தையில் கீழ்க்கண்டவை பேசப்பட்டன"ன்னு ஒரு லெட்டர் எழுதி ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பிட்டு அந்த ரசீதை ஃபைல்ல ஒட்டி வைங்க.